உங்க ஆளு போயிட்டாரு சார்

2025 ஜூன் 10. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. "உங்க ஆளு போயிட்டாரு சார்" என்றான். யார் என்று நான் கேட்கவில்லை. பிரிட்டிஷ் த்ரில்லர் எழுத்தாளர் ஃபிரெடரிக் ஃபோர்சைத் முந்தின நாள் இறந்திருந்தார். வயது 86. பேசியவன் இருபது வருடங்களுக்கு முன்பு என் பத்திரிகை டெஸ்க்கில் பயிற்சி உதவி ஆசிரியராகச் சேர்ந்த பையன். இப்போது ஒரு டிவியில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். பழக்கதோஷத்தில் இன்னும் பையன் என்றே சொல்கிறேன்.

ஃபோர்சைத் எப்படி 'என் ஆள்' ஆனார் என்பதற்கு ஒரு கதை உண்டு. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் அவர் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜக்கால்' நாவலைக் கொடுப்பது என் வழக்கம். பிரான்ஸ் அதிபரைக் கொல்ல வரும் ஜக்கால் என்ற கூலிக் கொலைகாரனின் கதை. திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் வாங்கிய பிரதி, அட்டை போய் பிரவுன் பேப்பர் போட்டது. முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அதில் எது நடந்தது, எது கற்பனை என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸுக்கு வெளியே பெத்தி கிளமார் என்ற இடத்தில் பிரான்ஸ் அதிபர் த கோலின் காரைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். அது நடந்தது. திட்டம் போட்ட கர்னல் பாஸ்தியன் தீரியை 1963 மார்ச் 11 அன்று விடியற்காலையில் சுட்டுக் கொன்றார்கள். அதுவும் நடந்தது. அதற்கு அப்புறம் எந்த வரியில் கற்பனை உள்ளே வருகிறது? சரியாகக் கோடு போட்டவர்கள் யாரும் இல்லை. நானே முதல் தடவை தப்பாகத்தான் போட்டேன். "இப்படி எழுதணும்டா. பொய்யை இவ்வளவு நம்புற மாதிரி எழுத முடியும்னா, உண்மையை எழுத உனக்கென்ன கேடு?" என்பேன். பெரிய வாத்தியார் நினைப்பு.

அன்றைக்குக் காலையில் அவன் துக்கம் விசாரித்துவிட்டு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன் சார். அவரு ஒற்றரா இருந்தேன்னு அவரே எழுதிட்டாரே. அப்புறம் எப்படி அவரை ரிப்போர்ட்டருக்கு உதாரணமாச் சொன்னீங்க?" என்றான். வாயில் பற்பசை இருந்ததால் தப்பித்தேன். அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். அந்த 'அப்புறம்' வர மாதக்கணக்கில் ஆனது.

நிருபர் பார்த்த பாரிஸ்

அவர் வாழ்க்கையில் பெரும்பகுதி எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். கென்ட் மாவட்டத்து ஆஷ்ஃபோர்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் விமானப்படையில் ஜெட் ஓட்டி, பிறகு நார்ஃபோக்கில் ஒரு வட்டார நாளிதழில் மூன்று வருடம் குப்பை கொட்டியவர். அங்கிருந்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம். 1962இல் பாரிஸ். அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்த கோபத்தில் ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய ராணுவக் கும்பல் த கோலைக் கொல்லத் துடித்துக்கொண்டிருந்த நேரம். அதிபர் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு நிருபர் கூட்டம் போகும். அவர் செத்தால் முதல் செய்தி கொடுக்க வேண்டுமே. வெளியே சொல்லக் கூச்சமான வேலை. ஆனால் நம் ஊரிலும் பெரிய தலைவர்கள் மருத்துவமனையில் இருந்தபோது வாசலில் பாய் போட்டுப் படுத்திருந்தவர்களுக்கு அது தெரியும்.

காத்திருந்த நேரத்தில் ஃபோர்சைத் மெய்க்காவலர்களோடு பேச்சுக் கொடுத்தார். யார் எங்கே நிற்கிறார்கள், எது ஓட்டை, எது ஓட்டை இல்லை என்று கவனித்தார். ஓ.ஏ.எஸ். ஆட்கள் ஜெயிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. காரணம் எளிது. அவர்களில் ஒவ்வொருவர் பெயரிலும் போலீஸிடம் ஒரு கோப்பு இருந்தது, அவர்கள் கூட்டத்துக்குள்ளேயே போலீஸுக்கு ஆள் இருந்தது. கோப்பே இல்லாத ஒரு வெளியாள், கூலிக்கு வருகிறவன், தனி ஆளாக வந்தால்? செய்தியாக அதைக் கொடுக்க முடியாது. மனசுக்குள் போட்டு வைத்தார். அது ஏழு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது.

அடுத்து கிழக்கு பெர்லின். 1964 ஏப்ரலில் ஒரு நள்ளிரவு வீடு திரும்பும்போது சோவியத் டாங்கிகளும் துருப்புகளும் சாரிசாரியாகப் போவதைப் பார்க்கிறார். பெர்லின் சுவர் இருக்கும் திசையில். பதறிப்போய் தான் கண்டதை அப்படியே செய்தியாக அனுப்பினார். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மேற்கு நாட்டுத் தலைநகரங்களில் ஆட்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்கள். விடிந்தபோதுதான் தெரிந்தது, அது மே தின அணிவகுப்புக்கு ஒத்திகை. மூன்றாம் உலகப் போரைத் தொடங்கிவைக்கப் பார்த்தேன் என்று பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு இந்தச் சம்பவத்தில் சிரிப்பு வருவதில்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுது என்றுதானே நாங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம்?

போடாத செய்தி

இனிமேல்தான் நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம். 1967 மே மாதக் கடைசியில் நைஜீரியாவின் கிழக்குப் பகுதி, பயாஃப்ரா என்ற பெயரில் தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. ஜூலையில் போர். அப்போது பிபிசியில் இருந்த ஃபோர்சைத்தை அனுப்பினார்கள். சின்னக் கலகம், சீக்கிரமே அடங்கிவிடும் என்று லண்டனில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அடங்குகிற மாதிரி தெரியவில்லை. அதைத்தான் எழுதினார். பிரிட்டிஷ் அரசு நைஜீரிய அரசுக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது, அவர் எழுதியது யாருக்கும் ருசிக்கவில்லை. திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மறுபடி போகிறேன் என்று கேட்டபோது, இந்தப் போரைப் பற்றிச் செய்தி கொடுப்பது நம் கொள்கை இல்லை என்று பதில் வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். 1968 தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டுச் சொந்தப் பொறுப்பில் பயாஃப்ராவுக்குப் போனார்.

அங்கே நடந்தது உலகத்துக்குத் தெரிய இன்னும் சில மாதங்கள் ஆயின. முற்றுகையால் உப்பும் இல்லை, புரதச் சத்து உள்ள எதுவும் இல்லை. குழந்தைகளுக்கு வயிறு உப்பி, முடி செம்பட்டையாகி, கை கால் குச்சியாகிவிடும். 1968 நடுவில் அந்தப் படங்கள் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வந்த பிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. ஊலி என்ற இடத்தில் ஒரு நெடுஞ்சாலையை அகலப்படுத்தி ஓடுதளம் ஆக்கியிருந்தார்கள். ராத்திரியில் நிவாரண விமானம் இறங்கும் நேரத்துக்கு மட்டும் விளக்கைப் போட்டு உடனே அணைப்பார்கள். அந்தப் போரில் செத்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1969இல் இதையெல்லாம் அவர் ஒரு புத்தகமாகவே எழுதினார். புத்தகம் வந்தது, போர் நிற்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் லண்டன் திரும்பியபோது அவருக்கு வயது 31. வேலை இல்லை, வீடு இல்லை, கடன் இருந்தது. அரசாங்கத்துக்கு எதிராக எழுதியவன் என்ற பெயரும் இருந்ததால் எந்தச் செய்தி நிறுவனமும் சீண்டவில்லை. நண்பர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, 1970 ஜனவரித் தொடக்கத்தில் ஒரு டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். பயாஃப்ராவிலிருந்து கூடவே வந்த டைப்ரைட்டர், மூடியில் குண்டு உரசிய தழும்பு உண்டு. பணம் வேண்டும், அதனால் நாவல் எழுதினேன் என்று எப்போதும் சொல்லிவந்தார். கடனை அடைக்க நாவல் எழுதலாம் என்று யாராவது தமிழ் எழுத்தாளரிடம் சொல்லிப் பாருங்கள், உங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்து மனநல மருத்துவர் விலாசமும் கொடுப்பார். 35 நாட்களில் முடித்துவிட்டார்.

அந்த 35 நாட்களுக்கு நடுவில், ஜனவரி 15ஆம் தேதி, பயாஃப்ரா சரணடைந்தது. கதையை நான் பல தடவை படித்திருந்தும், இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ரொம்ப காலம் ஆயிற்று. இரண்டு வருடம் கத்திச் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு நாடு அங்கே இல்லாமல் போகிறது. இங்கே இவர், நடக்காத ஒரு கொலையை மணி, நிமிஷம், துப்பாக்கிக் குழாயின் நீளம் வரைக்கும் கணக்குப் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்லி எடுபடவில்லை, பொய்யையாவது ஒருவரும் மறுக்க முடியாதபடி சொல்லிக்காட்டுகிறேன் என்று ஒரு வைராக்கியம் உள்ளே இருந்திருக்கும் என்பது என் ஊகம். அவர் இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். பணத்துக்குத்தான் எழுதினேன் என்று மறுபடியும் சொல்லியிருப்பார்.

தர்பூசணி இல்லை, கிர்ணி

நாவலில் எனக்குப் பிடித்த இடம் காட்டில் நடக்கிறது. கொலைகாரன் தனக்கென்று பெல்ஜியத்தில் செய்துவாங்கிய துப்பாக்கியைச் சோதிக்க ஆர்டென் காட்டுக்குப் போகிறான். கையில் கடையில் வாங்கிய ஒரு பழம், நம் ஊர் கிர்ணி மாதிரி. அதற்கு வண்ணம் பூசி முகம் வரைகிறான். கடைக்குக் கொண்டுபோகிற வலைப்பையில் போட்டு மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறான். தூரத்தை அடியால் அளந்து, ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு, சுடுகிறான். நடந்து போய்ப் பார்க்கிறான். குண்டு எங்கே பட்டிருக்கிறது? திரும்பி வந்து தொலைநோக்கியின் திருகைக் கொஞ்சம் திருப்புகிறான். மறுபடி சுடுகிறான். மறுபடி நடந்து போகிறான். இப்படியே பக்கம் ஓடுகிறது. வேறு எழுத்தாளராக இருந்தால் 'துப்பாக்கியைச் சரிபார்த்துக்கொண்டான்' என்று ஒரு வரியில் தாண்டியிருப்பார். கடைசியில் வெடிகுண்டுத் தோட்டாவைப் போட்டுச் சுடும்போது அந்தப் பழம் என்ன ஆகிறது என்று படித்த ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரும் சாகவில்லை. ஒரு பழம், அவ்வளவுதான்.

நான்கு பதிப்பகங்கள் இந்த நாவலைத் திருப்பி அனுப்பின. த கோல் உயிரோடு இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், முடிவு தெரிந்த கதையை யார் படிப்பார்கள் என்றார்கள். நியாயமான கேள்விதான், டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ஹட்சின்சன் பதிப்பகத்தில் ஹரால்டு ஹாரிஸ் என்ற ஆசிரியர் ஏற்றுக்கொண்டு 1971இல் முதல் அச்சாக எண்ணாயிரம் பிரதி போட்டார். பிறகு நடந்தது தெரிந்ததே. மறு வருடம் மர்மக் கதைகளுக்கான அமெரிக்காவின் எட்கர் விருது, 1973இல் படம். பட உரிமைக்கு இரண்டு வழி கொடுத்தார்கள்: கொஞ்சம் குறைந்த தொகையோடு வசூலில் பங்கு, அல்லது மொத்தமாக 20,000 பவுண்டு. மொத்தத்தை வாங்கிக்கொண்டார். மாதச் சம்பளக்காரப் புத்தி.

பொய் எப்படி நடமாட ஆரம்பித்தது என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். குழந்தையிலேயே இறந்துபோன ஒருவனின் கல்லறையைத் தேடிப் பிடித்து, அவன் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதை வைத்துப் பாஸ்போர்ட் எடுக்கிறான் நாவலின் கொலைகாரன். பிரிட்டனில் அது நிஜமாகவே சாத்தியமாக இருந்தது, புத்தகம் வந்து பல வருடங்கள் அந்த ஓட்டை அடைபடவே இல்லை. அந்த மோசடிக்கே நாவலின் பெயர் வந்துவிட்டது. இன்னொன்று 1975இல். கார்லோஸ் என்ற பயங்கரவாதி லண்டனில் வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு வீட்டில் இந்த நாவல் இருப்பதை ஒரு நிருபர் பார்த்தார். அன்றிலிருந்து 'கார்லோஸ் தி ஜக்கால்'. அந்தப் பிரதி கார்லோஸுடையதே இல்லை. வேறொருவருடையது. ஒரு நிருபர் எழுதிய கற்பனை, இன்னொரு நிருபர் கையால் தப்பான செய்தியாகி, அந்த ஆளோடு ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த இரண்டு நாவல்களுக்கும் அவர் உட்கார்ந்து யோசிக்கவில்லை, நிருபராகக் கிளம்பினார். கூலிப்படைக் கதைக்காக ஆயுத வியாபாரிகளைத் தேடி ஹாம்பர்க் போனார், தென்னாப்பிரிக்கர் என்று சொல்லிக்கொண்டு. அவர் பேரம் பேசிய வியாபாரி ஒரு புத்தகக் கடை ஜன்னலைத் தாண்டும்போது, ஜக்காலின் ஜெர்மன் பதிப்பு உள்ளே இருந்தது. பின்னட்டையில் ஆசிரியர் படம். ஹோட்டலுக்கு ஓர் எச்சரிக்கை ஃபோன் வந்தது, பெட்டியை விட்டுவிட்டு ரயிலைப் பிடித்து ஓடினேன் என்று அவர் எழுதியிருக்கிறார். புத்தகம் விற்பதில் இப்படி ஓர் ஆபத்து.

அந்தக் கேள்வி

2015இல் வந்த சுயசரிதையில் அவர் அதைச் சொன்னார். 1968இல் பயாஃப்ராவில் இருந்தபோதே பிரிட்டிஷ் உளவுத் துறையான எம்.ஐ.6 ஆட்கள் அணுகினார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று தகவல் கொடுத்தேன், இருபது வருடத்துக்கு மேல் அவ்வப்போது அவர்களுக்கு வேலை செய்தேன், ஒரு பைசா வாங்கவில்லை. 1973இல் கிழக்கு ஜெர்மனிக்குக் காரில் போய், டிரெஸ்டன் அருங்காட்சியகத்தின் கழிப்பறையில் ஒரு பொட்டலம் வாங்கிவந்த கதையெல்லாம் அதில் இருக்கிறது. பத்திரிகைகள் சிலாகித்தன. என்ன மனுஷன், என்ன வாழ்க்கை!

நானும் அப்படித்தான் முதலில் படித்தேன். சரி, பொய் சொல்லவில்லையே, பயாஃப்ராவில் பிள்ளைகள் செத்ததைத்தானே அவர்களிடமும் சொன்னார் என்று எனக்கு நானே வக்கீலாகப் பேசிக்கொண்டேன். வானொலியில் எடுபடாததை ரகசியமாகவாவது சொல்லி அரசாங்கத்தின் மனசை மாற்றப் பார்த்திருக்கலாம். அதுவும் எடுபடவில்லை, ஆயுதம் போய்க்கொண்டுதான் இருந்தது. பையனுக்குப் பதிலாக இதைத்தான் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நாலைந்து தடவை ஃபோனைக் கையில் எடுத்துக் கீழே வைத்தேன். ஏன் சொல்ல வாய் வரவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

டெஸ்க்குக்கு வருவதற்கு முன்னால் நான் தெற்கே ஒரு சின்ன ஊரில் நிருபராக இருந்தேன். மொஃபசல் நிருபர்களுக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குச் சாயங்காலம் மஃப்டியில் ஓர் ஏட்டு வருவார். உளவுப் பிரிவு. அவர் வேலையே எங்களோடு டீ குடிப்பதுதான். "என்ன சார் விசேஷம்?" என்பார். நாங்கள் தெரிந்ததைச் சொல்வோம், அவர் தெரிந்ததைச் சொல்வார். பாதிச் செய்தி எங்களுக்கு அவரால்தான் கிடைக்கும். இதற்கு ஒற்று வேலை என்று பெயர் இருக்கிறது என்பதே எங்களுக்கு உறைக்காது.

ஒரு நாள் தீப்பெட்டி ஆலைக் கூலிப் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. மதியம் நான் தொழிலாளர்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தேன். கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, எனக்கு மட்டும் டம்ளர் கழுவி மோர் கொடுத்துத்தான் பேசினார்கள். நாளைக்குக் காலையில் எங்கே மறியல் செய்யப்போகிறார்கள், யார் முன்னால் நிற்கிறார் எல்லாம் சொன்னார்கள். போட்டோகிராபரோடு ஆறு மணிக்கே வந்துவிடுங்கள் அண்ணாச்சி என்றார்கள். சாயங்காலம் ஏட்டு கேட்டார். "நாளைக்கு மேலத் தெரு முக்குலன்னு பேசிக்கிறாங்க" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. அவர் இன்னார்தானா என்று இரண்டு பெயர் சொன்னார், நான் மூன்றாவது பெயரைச் சொன்னேன். ஏதோ எனக்குத்தான் முழுசாகத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை.

காலை ஆறு மணிக்கு போட்டோகிராபரோடு போனேன். தெருமுனையில் யாரும் இல்லை. விடியுமுன்னே வீட்டில் வைத்து மூவரையும் தூக்கிவிட்டார்கள். மோர் கொடுத்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியலையே அண்ணாச்சி, பேப்பர்ல போடுங்க" என்றார். போட்டேன். 'முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக மூவர் கைது', ஐந்து வரி. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார்கள், அதற்குள் போராட்டம் பிசுபிசுத்துப்போனது.

புதுப் பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்து எது உண்மை, எது கற்பனை என்று கோடு போடச் சொன்னவன் நான். அந்த ஐந்து வரியை யாராவது என்னிடம் நீட்டியிருந்தால் எங்கே கோடு போட்டிருப்பேன்?

போன வாரம் அவனைக் கூப்பிட்டேன். ஃபோர்சைத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, இந்தக் கதையை மட்டும் சொன்னேன். முழுசாகக் கேட்டான். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"அந்த டீக்கு யார் சார் காசு கொடுத்தது?" என்றான்.

"ஏட்டுதான்" என்றேன். "வடைக்கும் சேர்த்து."